குழாயடி அபிப்பிராயம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, நாத்தனார் போனபின் வந்து சேர்ந்தது ஒன்று. படித்தது இரண்டாம் வகுப்பு வரை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் நம்பர் படிப்பேன், டாக்குரியா மார்க்கெட்டில் காய்காரரோடு வங்காளியில் சண்டை போட்டு ஜெயிப்பேன். கல்யாணமாகி கல்கத்தா வந்த இந்த அறுபது வருஷத்தில் அதற்கு மேல் படிப்பு எனக்குத் தேவைப்படவில்லை. எனக்குக் காது இருக்கிறது. ஒருவர் பேசியதை ஒரு தடவை கேட்டால் அவர் குரலிலேயே திருப்பிச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதிலென்ன?

இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். தமிழ்ச் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் எழுதக் கற்றவள்.

அவளுடைய அம்மா, என் கடைசி மருமகள், வங்காளிப் பெண். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம்தான் தமிழ் கற்றாள். ஆகவே அவள் பேசுவது என் தமிழ். கோபம் வந்தால் என் கோபம்கூட அதில் வரும். அவள் ஒரு வருஷம் உட்கார்ந்து, சங்கத்துக்காக ஒரு பாட்டு நாடகம் எழுதினாள். நூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குமாஸ்தா இளம் மனைவியோடு ஹவுராவில் வந்து இறங்குகிறார். அதுதான் கதை. அதில் யாரும் பேசமாட்டார்கள். தண்ணீர் வேண்டும் என்றாலும் பாடித்தான் கேட்பார்கள்.

கமிட்டியில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. செக்ரட்டரி பாங்கில் ரிடையர் ஆனவர், எதற்கும் ஒரு நிபந்தனை வைப்பவர். அவர் சொன்னார்:

"மூணு ஞாயித்துக்கிழமை ட்ரையல் போடும்மா. மெம்பர்கள் பார்த்துட்டு சீட்டுல அபிப்பிராயம் எழுதட்டும். சரிப்பட்டு வரலேன்னா ஆண்டு விழாவுக்கு சென்னையிலேருந்து மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டுடலாம். இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லை."

வருத்தப்பட ஒன்றுமில்லையாம். ஒரு வருஷம் அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கால் நீட்டிப் படுக்கவில்லை. பாட்டு நின்றுபோனால் இனி ஒரு வரி எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பிடிவாதமும் என்னிடம்தான் கற்றிருந்தாள்.

முதல் ட்ரையலுக்கு நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அட்டையில் செய்த ரயில் மேடைக்கு வந்தது. அதாவது எஞ்சின் வந்தது, பெட்டி வரவில்லை. குமாஸ்தா வராத பெட்டியிலிருந்து இறங்கினார். நல்ல குரல், சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீசர். ஆனால் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த வாத்தியம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவர் சந்தோஷமாக வாயைத் திறக்குமுன் மனைவி அழுவதற்கான புல்லாங்குழல் வந்துவிட்டது. மைக் நடுநடுவே விசில் அடித்தது. இரண்டாம் பாதியில் அந்த மனைவி ஜுரத்தோடு படகில் கங்கையைத் தாண்டிக்கொண்டே பாடினாள். அதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சங்கீதத்தை அப்படித்தான் கேட்க வேண்டும். பின்னாலிருந்த சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பாருக்குத் தாளித்த பெருங்காய வாசனை வந்ததும் கண்ணைத் திறந்தேன். பாதி நாற்காலி காலி. ஜுரக்காரி இன்னும் கரை சேரவில்லை.

ஆனால் சீட்டுகளைப் பார்க்க வேண்டுமே! எல்லாவற்றிலும் அருமை, பிரமாதம், கண்ணில் நீர் வந்தது. மருமகள் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்து ஒரு சீட்டில் நின்றுவிட்டது.

"மா, இவர் 'இரண்டாம் பாதி மிக உருக்கம்'னு எழுதியிருக்கார். இடைவேளையிலேயே போனவர் இவர். நானே வாசல்ல பார்த்தேன்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சீட்டைக் கொடுத்தால்தான் டிபன் டோக்கன் என்று செக்ரட்டரி ஏற்பாடு செய்திருந்தார். நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? முதலில் வரிசையில் நிற்க வேண்டுமே என்று திரை தூக்குமுன்னே எல்லோரும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டுவிட்டார்கள். அருமை என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் பாருங்கள்.

"நீங்க சொல்லுங்கோ மா. நிஜமா எப்படி இருந்தது?"

"என்னைக் கேட்காதே. நான் உன் மாமியார். நன்றாயிருக்கு என்றாலும் நம்பமாட்டாய், இல்லை என்றாலும் நம்பமாட்டாய்."

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். நம் மனிதர்கள் காகிதத்தில் நிஜம் எழுதமாட்டார்கள், முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் சொல்வார்கள். வயிறு நிறைந்திருக்கும், கை ஈரமாயிருக்கும், யாரும் கேட்கவில்லை என்ற தைரியம் இருக்கும்.

இரண்டாவது ட்ரையலில், சாம்பார் வாசனை வந்ததுமே எழுந்துபோய்க் கடைசிக் குழாய்க்கு அருகே நின்றுகொண்டேன். இந்த ஊர்ப் பெண்களைப்போல் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டேன். தமிழ் மாமி முக்காடு போடுவாள் என்று எவருக்குத் தோன்றும்? பாத்திரம் தேய்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். என்னோடு இருபது வருஷம் லலிதா சகஸ்ரநாமம் சொன்ன மாமி ஒருத்தி, "மாஷி, ஏக்டு ஷோருன்," என்று என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னாள். நகர்ந்தேன். பிறகு அவள் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு ஜுரத்துல பாடறாளா, பாடிப் பாடி ஜுரம் வந்துடுத்தா?"

"எனக்கே வந்துடும்போல இருந்தது. ஹவுரால இறங்கினவன் வீடு வந்து சேர ஒரு மணி நேரம்! நம்ம மினி பஸ்ஸே தேவலாம்."

"நீ கதையெல்லாம் கேட்டியா? நான் அவ புடவையைப் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். கரை நன்னா இருந்தது," என்று மூன்றாவதாக ஒருத்தி நடுவில் புகுந்தாள்.

செக்ரட்டரியும் வந்தார். கழுவிய கையால் வாட்சைத் தட்டிக்கொண்டே, "டைம் ஆயிடுத்து, டைம் ஆயிடுத்து. அந்த குமாஸ்தா வீட்டுக்குப் போறாரோ இல்லையோ, நான் போகணும்," என்றார்.

இருபது பேராவது வந்து போனார்கள். எல்லாவற்றையும் காதில் வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, முக்காட்டை எடுத்துவிட்டு, மெதுவாகக் கூடத்துக்குள் வந்தேன். ஜுரம் சொன்ன மாமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி! உங்க மாட்டுப்பொண் பிரமாதப்படுத்திட்டா!"

"ஆமாம், எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்," என்றேன். அவள் கை இன்னும் ஈரமாக இருந்தது.

மறுநாள் இடி விழுந்தது. குமாஸ்தாவாக நடித்தவருக்கு கௌஹாத்திக்கு ட்ரான்ஸ்பர். ஒரு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். மருமகள் சமையலறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுது மா. அவருக்கு ஒன்பது பாட்டு. ஒரு வாரத்துல யாருக்கு சொல்லிக் குடுக்கறது? நான் செக்ரட்டரிக்கு போன் பண்ணிடறேன்."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் ஆரம்பித்தேன், வேறு எண்ணமில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஜுர மாமியின் குரலில் கேட்டேன், மினி பஸ் குரலில் பதில் சொன்னேன், புடவைக் கரைக்காரியை நடுவே விட்டேன். அவள் முகம் சிவந்தது.

"இதெல்லாம் நேத்திக்கே தெரிஞ்சு வெச்சுண்டு கம்முனு இருந்தேளா?"

"நீ கேட்டால்தானே."

"எங்கிட்ட எல்லாரும் சூப்பர்னு சொன்னாளே மா!"

"உன்னிடம் சொன்னார்கள். குழாயிடம் வேறு சொன்னார்கள்."

செக்ரட்டரியின் வாட்சைக் கத்திக்காம்பால் தட்டிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அழப்போகிறாள் என்று பயந்தேன். எழுந்து, ரெக்கார்ட் பட்டனை அழுத்தி என் முன்னால் போனை வைத்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கோ. மெதுவா. அந்த ஜுர மாமிலேருந்து."

பதினோரு குரல் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் பியானோப் பெட்டியும் அவளுமாக இருந்தாள். என்னிடம் ஒன்றும் காட்டவில்லை.

மூன்றாவது ஞாயிறு. எல்லோரும் வழக்கம்போல் அருமை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். செக்ரட்டரி எனக்குப் பக்கத்து நாற்காலி. பேத்தி இந்தப் பக்கம். திரை விலகியது. அட்டை ரயில் இல்லை, தூரத்தில் ஊதல் மட்டும். மேடை நடுவே ஒரு குழாய். பழைய காலத்து ஒண்டுக்குடித்தன வீடு, தண்ணீருக்கு நிற்கும் பெண்கள், புதிதாக வந்த குமாஸ்தா குடும்பத்தைப் பற்றி வம்பு. குமாஸ்தாவைக் கண்ணிலேயே காட்டவில்லை. எப்போது கேட்டாலும் ஆபீஸ். அது ரொம்ப நிஜம். கிடர்பூர் துறைமுக ஆபீசில் இருந்த என் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

முதல் பெண் குடத்தை வைத்துவிட்டுப் பாடினாள். அந்த மனைவி ஜுரத்தில் பாடுகிறாளா, பாடிப் பாடி ஜுரமா என்று. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. திரும்பிப் பார்த்தேன். ஜுர மாமியேதான். பக்கத்திலிருந்தவளை இடித்து, "அப்படியே உன் நாத்தனார்டி!" என்றாள். அவ்வளவுதான், ஹால் முழுக்க அவரவர் எதிர்வீட்டைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருவர்கூடத் தன்னைத் தேடவில்லை.

வாட்சைத் தட்டும் வீட்டுக்காரர் வந்தார். 'டைம் ஆயிடுத்து' என்று அதே ராகத்தில் நாலு தடவை பாடினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். செக்ரட்டரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"இந்த மாதிரி ஒருத்தன் எங்க பாங்க்ல இருந்தான் மாமி. அச்சு அசல்!"

"இருப்பான், இருப்பான்," என்றேன்.

அப்புறம் குழாயடிக் கல்லில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். மடியில் பையை இறுக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு தூக்கம். யாராவது பாட்டை நிறுத்தினால் திடுக்கிட்டு, "நான் கேட்டுண்டுதான் இருக்கேன்!" என்று அதட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடுவாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேத்தியின் தொடையில் தட்டி, "யாருடி இது? அந்த முதல் மாடி மாமி மாதிரியே இருக்கா!" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். செக்ரட்டரியும் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

கிழவியின் பை பழுப்பு ரெக்சின். ஜிப் போய், ஊக்குக் குத்தியிருந்தது. நான் என் மடியைப் பார்த்தேன். பழுப்பு ரெக்சின். ஊக்கு.

அதே நேரம் பெருங்காய வாசனை வந்தது. இதுதான் சோதனை என்று பையை மறந்து திரும்பிப் பார்த்தேன். மூக்குகள் ஒரு தடவை உயர்ந்தன. பிறகு இறங்கின. யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையல்காரர் கரண்டியோடு கதவில் தலையை நீட்டினார்.

"என்ன, ஒருத்தரையும் காணும்? சாம்பார் ஆறிண்டிருக்கு!"

"உஷ்!" என்றார் செக்ரட்டரி. சமையல்காரரும் கரண்டியோடு அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்தார்.

முடிந்ததும் டோக்கன் மேஜையில் ஒரே தள்ளுமுள்ளு. கொடுத்த சீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். 'அருமை' என்று எழுதியதன் முன்னால் இருந்த இடத்தில் ஒருவர் 'நிஜமாகவே' என்று சேர்த்தாராம். செக்ரட்டரி கை கழுவப் போனவர் முதலில் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என் மருமகளிடம் வந்து, "மெல்லிசைக் குழுவை வர வேண்டாம்னு சொல்லிடறேன்மா. அந்த வாட்ச்காரன் பாட்டு மட்டும் இன்னும் ரெண்டு வரி இருக்கட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எப்போது தூங்கினேன்?"

"முதல் ட்ரையல்ல, மா. படகுப் பாட்டு முழுக்க. மைக் விசில் அடிச்சதே, அது மைக் மட்டுமில்லை."

"சரி, கிழவி இருக்கட்டும். பையையாவது நல்லதாகக் கொடு."

"மாட்டேன். பைதான் எல்லாரையும் சிரிக்க வெச்சது."

நான் சொன்னேனே, பிடிவாதம். ஆண்டு விழா அடுத்த ஞாயிறு. புதுப் பை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், மேடைக்கு அல்ல, எனக்கு.

போதும், பேனாவை வை. எங்கே, முதலிலிருந்து படி பார்க்கலாம். நீ உன் அம்மாவுடைய பெண், நடுவில் எதையாவது சேர்த்திருப்பாய். நிதானமாகப் படி. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நிறுத்தாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.