பதினொரு பேர் கட்சியின் முதல் போராட்டம்

வந்தவர்கள்: மேரி அக்கா, லோகநாதன் மாமா, நான், இன்னும் எட்டுப் பேர். வராதவர்: பழைய கட்சியின் மாவட்டச் செயலாளர். அவர் வந்திருந்தால் புதுக் கட்சிக்கே வேலை இருந்திருக்காது. சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் முதல் கூட்டம் இப்படித்தான் நடந்தது.

1. அடிக்கச் சொன்ன வரி

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று, பழைய கட்சியின் கடலூர் ஆபீசில் மினிட்ஸ் புத்தகத்தை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஷெட்டில் மேரி அக்காவோடு நாற்பது பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கக்கூஸ் கிடையாது. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கக்கூஸ் கேட்டுப் போராட்டம் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். மறுநாள் செயலாளர் கூப்பிட்டார்.

"தோழர், அந்த வரிய அடிச்சிடுங்க. மொதலாளி நமக்கு வேண்டியவரு. மாநாட்டுப் பந்தலே அவரு செலவுதான்."

"கமிட்டி போட்டது தோழர். கமிட்டி சொன்னா அடிக்கிறேன்."

"அப்ப நோட்ட வெச்சிட்டுக் கெளம்புங்க."

வைத்துவிட்டுக் கிளம்பினேன். பத்துப் பேர் கூடவே வந்துவிட்டார்கள்.

2. ஷெட்டில் ஒரு வரிசை

மனு கொடுக்கப் போனபோது முதலாளி சிரித்தார். "பதினோரு பேரா? கட்சியா, கிரிக்கெட் டீமா?"

"டீமுதாங்க. பேட்டிங் எப்பன்னு நாங்க சொல்றோம்" என்றார் மேரி அக்கா.

மைக், பந்தல், கோஷம் என்று நான் ஒரு பக்கத்துக்குத் திட்டம் எழுதிப் படித்துக் காட்டினேன். அக்கா கேட்டுவிட்டு, "மைக்லாம் வாணாம் தம்பி. தண்ணி கேன் வாங்கிட்டு வா" என்றார்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு உட்காரும் முன் நாற்பது பெண்களும் ஆளுக்கு ஒரு சொம்பு குடித்தார்கள். பத்து மணிக்கு மேரி அக்கா எழுந்துபோய் முதலாளியின் ஆபீஸ் பாத்ரூம் வாசலில் நின்றார். பின்னாலேயே மற்றவர்கள். வரிசை எடை மிஷினைத் தாண்டி, லோடு ஏற்ற வந்த லாரி வரை நீண்டது.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி.

"அவசரங்க. இங்க ஒண்ணுதான இருக்கு?"

ஒருவரும் கோஷம் போடவில்லை. போய்விட்டு வந்தவர்கள் இன்னொரு சொம்பு குடித்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார்கள். பருப்பு எடுக்க வந்த வியாபாரி கேட்டார்: "நானும் லைன்லதான் வரணுமா?"

மூன்று மணிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "பதினஞ்சு நாள்ல ரெண்டு கட்டித் தரேன். எழுதிக்க."

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். பதினாலாவது நாளே கதவு மாட்டினார்கள். மேரி அக்கா மறுநாள் தண்ணீர் பாட்டிலோடு வேலைக்குப் போனார்.

புதிதாக வரும் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கமிட்டி போட்ட தீர்மானத்தைத் தனி ஆள் யார் சொன்னாலும் அடிக்காதீர்கள். எப்படிப் போராடுவது என்பதை, கஷ்டப்படுகிறவர்களிடமே கேளுங்கள். என் மைக் செட் திட்டம் இன்னும் பையில்தான் கிடக்கிறது.

புது மினிட்ஸ் புத்தகத்தில் நான் எழுதிய முதல் செலவு: தண்ணீர் கேன் நான்கு, நூற்று நாற்பது ரூபாய்.