பாய்க்கு உருது தெரியும்

பாய் என்றால் உருது தெரிந்திருக்கும் என்பது எங்கள் ஜில்லாவில் யாரும் சரிபார்க்காத நம்பிக்கை. பெரம்பலூரில் எங்கள் வீட்டில் கொஞ்சுவது, திட்டுவது, கொத்தமல்லி வாங்கிவரச் சொல்வது எல்லாம் தமிழில்தான். ஓதுவது அரபியில். உருது எங்கள் தெருப் பக்கம் வந்ததே இல்லை.

இருந்தும் பொய் சொன்னேன். அரியலூர் சிமெண்ட் ஆலையில் கணக்கராகச் சேர்ந்த புதிது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த உருது பாப் கேசட் ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். டிஸ்கோ மேளம், அதற்குமேல் ஒரு பெண்ணின் தேன் குரல். பக்கத்து மேஜைக்காரர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். ஆண்டிமடத்துக்காரர், முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பம்.

“பாய், இந்தப் பொண்ணு என்ன பாடுது?”

சுற்றிலும் ஆறு பேர். தெரியாது என்று சொல்ல வெட்கம். அன்று காலை நான் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தேன். வேறெதுவும் வாயில் வராமல், “கடைசி பஸ்ஸு போயிட்டாலும் உனக்காக ஸ்டாண்டுலயே நிப்பேன்னு பாடுதுங்க” என்றேன்.

மனிதர் அதை டைரியில் எழுதிக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஜெயங்கொண்டத்தில் அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணுக்குக் கடிதத்தில் அதையே எழுதிப் போட்டார். அந்த அம்மா இன்றைக்கும் அந்த வரியை மனப்பாடமாகச் சொல்வார்.

அதன்பிறகு உருது பாப் வளர வளர என் பொய்யும் வளர வேண்டியதாயிற்று. டிஸ்கோ போய், முடி வளர்த்த பையன்கள் கிதாரோடு வந்தார்கள். டிஷ் டிவியில் மலை உச்சியில் நின்று பாடுவார்கள். மழை, கல்லூரி, சொந்த மண் என்று பாட்டுக்கு நாலு வரி தயார் செய்தேன். பிறகு அவர்களே தாடி வைத்துக்கொண்டு பெரிய ஸ்டுடியோக்களில், தர்காக்களில் பாடும் பழைய கவ்வாலியை டிரம்ஸோடு பாட ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பொற்காலம். எது வந்தாலும் “இறைவனைத் தேடுறாருங்க” என்றால் போதும்.

“பத்து நிமிசமா தேடுறாரே பாய், இன்னும் கெடைக்கலையா?” என்று ஆண்டிமடத்துக்காரர் ஒருமுறை கேட்டார். நான் முறைத்ததும் பயபக்தியோடு கேட்கத் தொடங்கிவிட்டார். இப்போது வருபவர்கள் அறைக்குள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் முனகுகிறார்கள். அதற்கு அவர்களைப் பெற்றவர்களுக்கே அர்த்தம் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

போனே மொழிபெயர்த்துவிடும் என்று அவர் மகள் சொன்னாள். “போனுக்கு என்ன தெரியும்? நம்ம பாய் இருக்காரு” என்று அடக்கிவிட்டார்.

சென்ற மாதம் அந்த மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியோடு வந்தார். பெருமாள் படத்துக்குக் கீழே என் பஸ் ஸ்டாண்டு வரி. அதன்கீழ், ‘உருதுப் பாடல்’.

“மாப்ள ஹைதராபாத்ல வேல பாக்குறாருல்ல, அவரு ஆபீஸ்லேருந்து இருவது பேர் வராங்க. எல்லாரும் உருது பேசுறவங்க. ரிசப்ஷன்ல இந்தப் பாட்டயே போட்டு அசத்திடுவோம் பாய்.”

வீட்டுக்குப் போய் முதல்முறையாகப் போனிடம் அர்த்தம் கேட்டேன். ‘போய்விடு, இனி என் வாசலில் நிற்காதே, உன்னைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது’ என்று அந்தப் பெண் அத்தனை வருடமும் தேன் குரலில் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அரியலூர் அச்சகத்துக்கு ஓடினேன். அவர் அங்கேதான் இருந்தார். சொல்லாமல் விட்டால் மகள் கல்யாணத்தில் இருபது பேர் முன்னால் அவமானப்படுவார். சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டார். இருப்பது ஒரே நண்பர். இந்த வயதில் இன்னொருவரைத் தேடிப்பிடிக்க எனக்குத் தெம்பில்லை. உண்மையாகவே பயந்தேன். பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“இந்த ஒரு பாட்டு மட்டுமா?”

“எல்லாமேங்க.”

“இறைவனத் தேடுனது?”

“அதுவும்தாங்க.”

அச்சகக்காரர் அடுக்கி வைத்த காகிதத்தையே மறுபடி அடுக்கினார். நண்பர் என்னைப் பார்க்காமல் பேனாவைத் திறந்தார். ‘உருதுப் பாடல்’ என்பதை அடித்தார். அடுத்து வரியையும் அடிப்பார் என்று நினைத்தேன். அதை விட்டுவிட்டு, அதன்கீழ் என் பெயரை இனிஷியலோடு எழுதி அச்சகக்காரரிடம் நீட்டினார்.

“அப்ப இத்தன வருசமா நான் உங்க பாட்டத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார். “மொதல்லயே சொல்லியிருந்தா, கேசட்டுக்கு அலைஞ்சிருக்க வேணாமே பாய்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சகத்தில் நின்றபடியே அழுதுவிட்டேன்.