குதிகால் அக்கா

மலைமேல் இருக்கும் அந்தப் புல்தரை ஓடுதளத்தில் சின்ன விமானங்கள் மட்டுமே இறங்கும். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் செங்குத்துப் பாறை. பள்ளத்தாக்கின் வளைவைத் தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும். திரும்ப இடம் கிடையாது. அதனால் வரலாமா கூடாதா என்று தரையில் இருப்பவர்தான் ரேடியோவில் சொல்ல வேண்டும். பதினேழு வருஷமாக அதைச் சொல்லிவந்தவள் குதிகால் அக்கா.

பேரே அந்த வேலையால் வந்ததுதான். மழை பெய்த மறுநாள் காலையில் ஓடுதளம் நெடுக நடப்பாள். பத்தடிக்கு ஒரு தடவை குதிகாலால் ஓங்கி மிதிப்பாள். குதிகால் புதைந்தால் சக்கரமும் புதையும், விமானம் குப்புறக் கவிழும். இதற்கெல்லாம் கருவி இல்லையா என்று கேட்காதீர்கள். எண்பது கிலோ உடம்பைவிட நல்ல கருவியை அங்கே எவன் கொண்டுவந்து கொடுத்தான்? "எங்க வீட்டு ரோடு ரோலர்" என்பார் புருஷன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த வருஷம் மஞ்சள் காமாலை அவளை மூன்று மாதம் படுக்கையில் போட்டது. வெயில் காலம், தரை கல்லாகக் கிடந்ததால் மிதிக்கிற வேலை இல்லை. தூர ஊரில் பிரசவித்திருந்த மகளிடம், பச்சை உடம்புக்காரி பயந்துவிடுவாள் என்று மூச்சு விடவில்லை. எழுந்து நடமாடிய முதல் வாரமே மகள் கைக்குழந்தையோடு வருகிறாள் என்று தகவல் வந்தது. அவள் வரும் நாளுக்கு முந்தின நாள் நல்ல மழை.

விடிந்ததும் மிதித்துப் பார்த்தாள். எங்குமே புதையவில்லை. இவ்வளவு மழைக்கு இவ்வளவு இறுக்கமா என்று ஒரு நினைப்பு வந்தது. பேரனைப் பார்க்கிற ஆசையில் அதைத் தள்ளிவிட்டாள். விமானி கேட்டபோது, தாராளமாக வரலாம் என்று சொல்லியும் விட்டாள்.

விமானத்தின் சத்தம் பள்ளத்தாக்கில் கேட்க ஆரம்பித்தது. பேரனை வரவேற்க ஓடுதளத்தின் குறுக்கே வந்த புருஷன், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது என்று முணுமுணுத்தார். அவருடைய கனத்த கால் கணுக்கால் வரை உள்ளே போயிருந்தது. பக்கத்திலேயே அவள் மிதித்த இடத்தில் லேசான தடம்தான் இருந்தது. தரை இறுகவில்லை, அவள்தான் இளைத்திருக்கிறாள்.

ரேடியோவைப் பாய்ந்து எடுத்தாள்.

"தம்பி, திரும்பிடுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். இறங்காதீங்க."

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் விமானம் சாய்ந்து திரும்பியது. சத்தம் தேய்ந்து மறையும்வரை நின்றவள், ஈரப் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று புருஷன் தேற்றப் பார்த்தார்.

"யானைக்குச் சறுக்கினா யானைதான் விழும். இங்க நம்ம புள்ள விழுந்திருக்கும்" என்றாள்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் இருபத்தைந்து கிலோ மாவு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். நான் மிதிக்கிறேனே என்று புருஷன் எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை. மூச்சு வாங்க வாங்க முழு நீளமும் மிதித்தாள். புதையவில்லை. நடந்த தப்பையும் தோளில் இருக்கும் மூட்டையையும் விமானியிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

ரேடியோவில் அவன் குரல் வந்தது. "நீங்க சொன்னாச் சரிக்கா. வரேன்."

வந்தான். சக்கரம் தரையைத் தொட்டு, புல்லில் ஓடி, வேகம் குறைந்து நின்றது. குழந்தையோடு இறங்கிய மகள் முதலில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒல்லி மனுஷியைத் தாண்டி அவள் கண் தேடியது.

"அம்மா வரலையாப்பா?"

அக்கா மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"இதோ இருக்கேன்டி. குடு அவனை."