டிக்கெட்டோடு போன முதல் தடவை

கூடைப்பந்தும் கச்சேரியும் நடக்கும் அந்தப் பெரிய உள்விளையாட்டரங்கத்துக்கு டிக்கெட்டோடு நான் போனது அதுதான் முதல் தடவை. மகள் எடுத்துத் தந்த டிக்கெட். நான் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவள். தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டித்தான் போனேன். இருந்தும் பக்கத்து நாற்காலி அம்மாள் என்னைப் பார்த்ததும் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

என் கண் மேடையில் நிற்கவில்லை. கதவு, மூலை, குழாயடி என்று சுற்றியது. அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“யாரைத் தேடறீங்க?” என்றார், போலீஸ் மாதிரி.

“யாரையும் இல்லம்மா” என்றேன். எரிச்சலாக இருந்தது.

பாட்டு நடுவில் கரண்ட் போனது. செல்போன் வெளிச்சத்தில் கூட்டம் ஒரே வாசலுக்கு முண்டியடித்தது. “ஐயோ, மூச்சு முட்டுதே!” என்று அந்த அம்மாள் அலறினார். கையைப் பிடித்தேன்.

“இப்டி வாம்மா. பின்னால ஒரு கதவு கீது.”

இருட்டில் தடவி அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தோம். இன்னும் பொழுது சாயவில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” குரலில் அப்போதும் சந்தேகம்.

“வெள்ளத்தப்போ எங்க குப்பத்து ஆளுங்கள இங்கதான் தங்க வெச்சாங்க. இந்தக் கதவாண்டதான் படுத்துக்கினு இருந்தோம்.”

அவர் பைக்குள் கைவிட்டு, எல்லாம் இருக்கிறதா என்று துழாவினார். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம்தான் கவனித்தேன். துழாவியது ஒரு கை. இன்னொரு கை என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. உருவிக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை.