கதவில் வசவு இல்லை

படத்தின் நிறத்தை முதலில் எடுத்துவிடுவார். பிறகு ஒலியை. கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், எதையும் பார்த்துவிடலாம் என்பது வனெட்டா பிரிக்ஸின் கணக்கு. "ரத்தம் சாம்பலாத் தெரிஞ்சா மத்தியானம் சாண்ட்விச் இறங்கும்" என்பார், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி.

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அலுவலகம். இணையத்தில் தன்னை ஒருவன் மிரட்டுகிறான் என்று யார் புகார் செய்தாலும் அந்தப் பதிவு இவர் திரைக்கு வரும். நீக்கு, விடு: இரண்டே பொத்தான்கள். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எந்தப் பையன் எந்தப் பெண்ணை அழவைக்கப் போகிறான் என்பதை ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடியிலேயே பார்த்துச் சொன்னவர். அந்தக் கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. குடும்ப விருந்தில் இறைச்சியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே தங்கையை விரட்டுவார்.

"புள்ள சட்டையில ஸ்கூல் பேரு தெரியுதுடி. நெட்டுல போட்ட படத்தை நீக்கு முதல்ல."

"உனக்கு ஊரே கள்ளன்தான்க்கா."

"ஊரை நான்தானே தினம் பாக்குறேன்."

சென்ற மாதம் ஒரு வாசல் கதவின் படம் வந்தது. கீழே ஒரு வரி: 'புது வீடு அழகா இருக்கு.' புகார் செய்தவள் அந்த வீட்டுக்காரி. அவளுடைய பழைய புகாரைத் தேடித் திறந்தார் வனெட்டா. படம் போட்டது அதே ஆள், வேறு வீடு, வேறு கதவு. நீக்கினார்.

அலுவலகத் தணிக்கையில் அவர் அதை நீக்கியது பிழை என்று வந்தது. மேற்பார்வையாளர் ட்ரெவர், இவர் மகன் வயது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுல வசவு எங்க இருக்கு, வனெட்டாம்மா? ஆயுதம் இல்ல, தேதி இல்ல. வெறும் கதவு."

"அவ ஒளிஞ்சிருக்கிற கதவு, தம்பி."

"ஒளிஞ்சிருக்கிறதுக்கெல்லாம் விதி இல்லியே."

"விதியை நீ படிச்சிருக்கே. அவனும் படிச்சிருக்கான்."

ட்ரெவர் சிரித்தார், பிழையை எடுக்கவில்லை. இன்னொரு பிழை விழுந்தால் வேலை போகும். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போகும். கணவர் லெமுவேலுக்குப் புற்றுநோய் சிகிச்சை பாதிதான் முடிந்திருக்கிறது.

நேற்று அதே ஆளின் அடுத்த படம். தெருவிலிருந்து எடுத்தது. ஒரு ஜன்னல், உள்ளே விளக்கு, தலை துவட்டும் பெண். கீழே: 'கர்ட்டன் இன்னும் வாங்கலையா?' வனெட்டா அதை மேலிடத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்தார். விதிப்படி நீங்களே முடிவெடுங்கள் என்று பதில் வந்தது.

இடது உள்ளங்கையைத் திரையில் வைத்து ஜன்னலை மூடினார். வலது கை 'விடு' பொத்தானை அழுத்தியது. அடுத்த பதிவு வந்து நின்ற பிறகும் இடது கையை அவர் எடுக்கவில்லை.