மிக்ஸியில் மிஞ்சிய குச்சி

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் துடைத்து வைக்க வேண்டும். சாரத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஆயுதங்கள் மூன்று: அப்பாவின் பைக், அம்மாவின் தையல் மிஷின், மிக்ஸி. ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் மிக்ஸியை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். வேறு யாராவது என்றால் வெளியே மட்டும் துடைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். நான் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த அழுக்கையெல்லாம் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.

திரும்பப் பூட்டியபோது விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி மிஞ்சியது. மிக்ஸியும் ஓடவில்லை. மறுபடி பிரித்தேன். உள்ளே ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அது அழுந்தியே இருந்தால் ஓடும் என்று தோன்றி, காலண்டர் அட்டையை மடித்துச் செருகினேன். ஓடியது! ஜார் வைக்காமலே ஓடியது. கம்பெனிக்காரனுக்கே தெரியாததைக் கண்டுபிடித்துவிட்ட திமிரில் குச்சியை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

பூஜைக்கு மறுநாள் அம்மா சட்னி அரைத்தாள். அவளுக்கு சுவிட்சை அணைக்கும் பழக்கமே கிடையாது. ஜாரைத் தூக்கினால் தானாக நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. சிந்தியதைத் துடைக்கப் போன துணியை, மிக்ஸியின் மேல் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் இழுத்தது, கூடவே ஆள்காட்டி விரலையும். நகம் பெயர்ந்துவிட்டது. பத்து நாள் அவளால் தைக்க முடியவில்லை.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ரிப்பேர் கடையில் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா.

"எதுக்கு? பிரிச்சவ அவதான, அவளே பூட்டட்டும்" என்றாள் அம்மா.

கட்டுப்போட்ட விரலோடு என் எதிரில் உட்கார்ந்து, குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத சும்மாவாடி வச்சிருப்பான்?"

அவளுக்கும் விடை தெரியாது. ஜாரை வைத்தும் எடுத்தும் பார்த்தேன். ஜாரின் அடி உட்காரும் இடத்தில் ஒரு துளை இருந்தது. குச்சி அதற்குள் சரியாக இறங்கியது. ஜார் குச்சியை அழுத்தும், குச்சி பொத்தானை அழுத்தும். ஜாரைத் தூக்கினால் எல்லாம் விட்டுவிடும். அணைக்க மறக்கும் என் அம்மாவை, பார்க்காமலே யாரோ நினைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்று எனக்கு மிஷின் வடிவமைக்கும் வேலை. புதிதாக ஒன்றை வரையும் முன் பழையதைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, அம்மா கேட்டதையே கேட்கிறேன். எனக்குச் சோறு போடுவது அந்தக் கேள்விதான். அதற்கு அவள் கொடுத்தது ஒரு நகம். இந்த நன்றியை அவளிடம் சொன்னால், போடி வேலையைப் பார் என்பாள்.

அன்று அட்டையை எடுத்துவிட்டு, குச்சியை வைத்துப் பூட்டி முடித்ததும் அம்மாவே சுவிட்சைப் போட்டாள். அணைக்காமலே ஜாரைத் தூக்கினாள். நின்றது. கட்டுப்போட்ட அதே கையால் துணியை எடுத்து, சக்கரத்தின் மேலேயே அழுத்தித் துடைத்தாள். இவ்வளவு பட்டும் இந்த அம்மாவுக்குப் புத்தி வரவில்லையே என்றுதான் அன்று நினைத்தேன்.