மகனைப் பற்றி விசாரித்தார்கள்

அந்த அழைப்பு வந்தபோது அலுவலகத்தின் கார் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முடிகிற நேரம். வெளியே உப்பும் சேறும் கலந்த பழைய பனி. தெரியாத இலக்கம், ஆனாலும் எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு ஆண் குரல். தான் ஒரு தொழில்முறைப் புட்போல் கழகத்துக்கு ஆள் பார்க்கும் தேர்வாளர் என்றும், இந்த வருட ட்ராஃப்டில் என் மகனின் பெயர் இருப்பதால் வீட்டாரோடும் கொஞ்சம் கதைக்க விரும்புவதாகவும் சொன்னார்.

ட்ராஃப்ட் என்பது, பல்கலைக்கழகங்களில் விளையாடி முடிக்கும் பிள்ளைகளைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் நாள். அதற்கு முன்னால் மாதக்கணக்காக அவர்களை எடைபோடுவார்கள். விளையாடிய வீடியோக்களைப் பார்ப்பார்கள், உயரம் நிறை அளப்பார்கள், ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பயிற்சியாளர்களிடம் கேட்பார்கள். சில வேளை தாய் தகப்பனிடமும் கேட்பார்கள். இதையெல்லாம் மகன் எனக்கு முன்பே விளங்கப்படுத்தியிருந்தான். "யாராவது கோல் பண்ணுவாங்கள் அம்மா. சும்மா நோர்மலா கதையுங்கோ" என்றும் சொல்லியிருந்தான்.

நான் நோர்மலாகத்தான் கதைத்தேன்.

அணியில் மகனுடைய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஊரில் புட்போல் என்று சொன்ன விளையாட்டு இல்லை இது. தலைக்கவசம் போட்டு, முட்டை மாதிரியான பந்தோடு மோதி விளையாடுவது. அதில் ஒரு அணி பந்தை உதைக்கப்போகும் போது மட்டும் ஒருவன் களத்துக்குள் வருவான். குனிந்து நின்று, இரண்டு கால்களுக்கும் இடையால் பந்தைப் பின்பக்கமாக எறிவான். தூரத்தில் நிற்கும் உதைகாரனின் கைக்கு அது நேராகப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில். அவ்வளவுதான் அவனுடைய வேலை. என் மகன் அதற்குத்தான் இருந்தான். கணவரின் அண்ணன் ஒருமுறை கேட்டார்: "குனிஞ்சு நிண்டு பின்னால எறியிறதுக்கோ உவனை யூனிவேர்சிற்றிக்கு அனுப்பினனீங்கள்?" எல்லாரும் சிரித்தோம். மகனும் சிரித்தான். ஆனால் அவன் அதைப் பதினைந்து வயதிலிருந்து எங்கள் கராஜ் கதவில் எறிந்து எறிந்து பழகியவன். அந்தக் கதவை நாங்கள் இரண்டு தரம் மாற்றினோம்.

தேர்வாளர் முதலில் வீட்டைப் பற்றிக் கேட்டார். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், மகன் வீட்டில் உதவி செய்வாரா. பிறகு கேட்டார்: "அழுத்தமான நேரங்களில் உங்கள் மகன் எப்படி?"

"அதை ஏன் கேட்கிறீர்கள்" என்றேன் சிரித்துக்கொண்டு. "அவன் சரியான பயந்தாங்கொள்ளி. பரீட்சை என்றால் காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுப்பான். கை நடுங்கும். ஆளைப் பார்த்தால் பெரிய உடம்பு, உள்ளே ஒன்றும் இல்லை. சோம்பேறியும் கூட."

சொல்லிவிட்டு, அவர் மறுப்பதற்காகக் காத்திருந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதற்கு முந்திய கிழமைதான் ஒரு பிறந்தநாள் விழாவில் என்னோடு ஒரே மேசையில் இருந்த ஒரு அன்ரி என் மகனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உங்கட பெடியன் இப்பிடி வளந்திட்டான், மண்டபக் கதவுக்குள்ளால வருவானோ?" என்றார். நான் உடனே, "எங்கை அன்ரி, உடம்பு மட்டும்தான். கட்டிலால எழும்பவே மத்தியானம்" என்றேன். "சும்மா சொல்லாதேங்கோ, தங்கமான பிள்ளை" என்றார் அவர். அவருடைய மகள் மருத்துவம் படிக்கிறாள். "அவள் என்னத்தைப் படிக்கிறாள், எந்த நேரமும் போன்தான்" என்று அவரும் தன் பங்கைச் சொன்னார். "அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றேன் நான். பிள்ளையைத் தாழ்த்திச் சொல்வது தாயின் வேலை. அதை மறுத்து உயர்த்துவது கேட்பவரின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் கதை முடியும், பிள்ளைக்கும் கண்ணூறு, நாவூறு படாது. நான் அதிகம் கடவுள் நம்பிக்கை இல்லாதவள். கோயிலுக்குப் போனால் செருப்பைப் பற்றித்தான் யோசிப்பேன். ஆனால் என் பிள்ளை கெட்டிக்காரன் என்று ஒரு அந்நியரிடம் சொல்ல என் நாக்கு ஒரு நாளும் எழும்பியதில்லை.

அன்றைக்குத் தொலைபேசியில் மறுப்பு ஒன்றும் வரவில்லை. விசைப்பலகையில் தட்டும் சத்தம்தான் கேட்டது. பிறகு அந்த மனிதர், "உங்கள் நேர்மைக்கு மிகவும் நன்றி" என்றார்.

எனக்கு அது அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களைப் பற்றி வேறு நிறுவனங்கள் என்னிடம் விசாரிக்கும். ஒரு சொல் தயங்கினால் அந்தத் தயக்கத்தைத்தான் எழுதிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கீழே வேலை செய்து, என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமலே போன ஒரு பெண்ணைப் பற்றிக்கூட, "நிதானமானவர், நம்பலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அன்று மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கறிப் பெட்டியை மூடிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். மகனிடம், "ஒரு ஆள் கோல் எடுத்தவர், நல்ல மனிசன்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று கிழமை கழித்து, தேர்வு முகாம். விமானம் நிறுத்தும் கொட்டகை மாதிரி ஒரு பெரிய உள்ளரங்கம். பெற்றோரை உள்ளே விடவில்லை. காலையில் அவனை இறக்கிவிட்டுப் பின்னேரம் கூட்டிவரப் போனேன். மற்றப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இவன் தனியாக வந்தான். பையைப் பின்சீற்றில் எறிந்தான். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் கேட்டான்:

"அம்மா, நான் எக்ஸாமுக்கு முன்னால சத்தி எடுக்கிறனான் எண்டு ஆருக்கும் சொன்னனீங்களா?"

"ஏன்?"

"சொன்னனீங்களா?"

"ஓம்."

"அவங்கள் அஞ்சு பேர் ஒரு மேசையில இருந்தவங்கள். ஒராள் பேப்பரைப் பாத்து வாசிச்சவர். உன்ர அம்மா இப்பிடிச் சொல்லுறா, நீ என்ன சொல்லுறாய் எண்டு. நான் சிரிச்சன். அவங்கள் சிரிக்கேல்லை. பிறகு ரெண்டு கையையும் நீட்டு எண்டு சொன்னவங்கள்."

"நீட்டினனியோ?"

"பின்ன? எல்லாரும் என்ர கையைப் பாத்துக்கொண்டு இருந்தாங்கள். லைக், டொக்டர் மாதிரி."

"நடுங்கினதோ?"

"இல்லை." யன்னல் பக்கம் திரும்பினான். "அப்ப நடுங்கேல்லை."

மதியத்துக்குப் பிறகு களத்தில் எறியவிட்டிருக்கிறார்கள். பந்து இவன் கையை விட்டு உதைகாரனின் கைக்குப் போகும் நேரத்தை ஒருவர் அளந்தாராம். பக்கத்தில் நின்று இன்னொருவர் வேண்டுமென்றே கத்தினாராம். கத்துவது இவனுக்குப் பழக்கம். ஆனால் பந்தைப் பிடிக்கிறதுக்கு முன்னால் தன் கையைத் தானே பார்த்தானாம். அதுவரைக்கும் அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. பெரும்பாலானவை நல்லாகப் போயின. ஒன்று உதைகாரனின் தலைக்கு மேலால் போய்ச் சுவரில் அடித்தது.

"தம்பி, நான் அதை உண்மையா சொல்லேல்லை" என்றேன். "எங்கட ஆக்கள் பிள்ளையளைப் பற்றி மற்ற ஆக்களுக்குப் பெருமையாச் சொல்லுறேல்லை. நாவூறு பட்டிடும். அதுக்குத்தான்."

"அப்ப பொய் சொன்னனீங்களா?"

"பொய் இல்லை. நீ சின்னனில சத்தி எடுத்தனிதானே. அஞ்சாம் வகுப்பில."

"அப்ப உண்மையா நினைச்சுத்தான் சொன்னனீங்கள்."

"இல்லையடா."

"அம்மா, ஒண்டில் பொய், இல்லாட்டி உண்மை. விச் வண்?"

அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, நான் வளர்ந்ததே அந்த இடத்தில்தான். அவனுக்கு அதை ஒருவரும் காட்டித் தரவில்லை. சின்ன வயதிலிருந்து மண்டபங்களில், கோயில்களில், கடை வாசல்களில் நான் அவனைச் சோம்பேறி, பயந்தவன் என்று சொல்லும்போது அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மற்றவர்கள் மறுத்துச் சொன்னதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்திருக்கிறான். தாய் சொன்னதை உண்மையாக எடுத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் நீர் உதெல்லாம் அவங்களுக்குச் சொன்னனீர்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களிட்டைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?"

அவர் யோசித்தார். "நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

அடுத்த நாள் அந்த இலக்கத்துக்கு நானே அழைத்தேன். தேர்வாளர் மரியாதையாகக் கதைத்தார். நான் முன்பு சொன்னது எங்கள் வழக்கப்படி பணிவாகச் சொன்னது, அதை அப்படியே எடுக்கக்கூடாது, என் மகன் மிகவும் உறுதியானவன், கடும் உழைப்பாளி என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் காதுக்கே அது விளம்பரம் மாதிரிக் கேட்டது.

"எனக்கு விளங்குகிறது" என்றார் அவர். "என்னோடு கதைக்கும் பெற்றோர் எல்லாரும் இப்போது நீங்கள் சொன்னதைத்தான் சொல்வார்கள். அதனால்தான் உங்களுடைய முதல் பதிலைப் பெரிதாக மதித்தேன்."

"அது உண்மை இல்லை."

"பரீட்சைக்கு முன்னால் வாந்தி எடுத்தது நடக்கவில்லையா?"

"நடந்தது. அவனுக்கு அப்போது பத்து வயது."

"கை நடுங்கியது?"

நான் மறுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மறுக்க எனக்கு என்ன தெரியும்? நான் அவனுடைய ஆட்டங்களுக்குப் போவேன். பின்வரிசையில், போர்வையைக் காலில் சுற்றிக்கொண்டு இருப்பேன். பந்தை எறிந்த கையோடு எதிர்ப்பக்கத்து ஆட்கள் அவன் மேலே விழுவார்கள். அவன் தலை குனிந்தபடி இருப்பான், தடுக்க நேரம் இருக்காது. அதனால் அவன் குனிந்ததும் நான் என் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்குவேன். சனம் சத்தம் போட்டு ஓய்ந்த பிறகுதான் நிமிர்வேன். அவன் எழும்பி நிற்கிறானா என்று பார்ப்பேன். இத்தனை வருடத்தில் என் மகன் பந்தை எறிந்ததை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. யாரென்றே தெரியாத அந்த மனிதர் வீடியோவில் அதை எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பார். அவரிடம்தான் நான் அவனுக்குச் சான்று சொல்லப் போனேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

என்னோடு வேலை செய்யும் ஒரு தோழி, "மகன் தூரம் போகக்கூடாது என்று உன் மனதுக்குள் இருந்திருக்கும், அதுதான் அப்படிச் சொல்லியிருப்பாய்" என்றாள். நான் நேர்மையாகத் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று இருந்திருந்தால் நல்லது. ஆசையென்றால் நான் சொன்னதற்கு ஒரு காரணமாவது இருக்கும். எனக்குள் அப்படி ஒன்றும் இல்லை. அவன் தெரிவாக வேண்டும் என்றுதான் விரும்பினேன். கதவைத் திறந்துவிட்டவருக்கு நன்றி சொல்வதைப் போல, யோசிக்காமல், அவனைப் பயந்தவன் என்று சொன்னேன்.

ட்ராஃப்ட் அன்று சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம். எட்டுச் சுற்று. இவனுடைய இடத்துக்கு ஆள் எடுப்பதென்றால் கடைசிச் சுற்றுகளில்தான் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தான். அதனால் முதலில் எல்லாரும் கலகலப்பாக இருந்தோம். கணவர் கடையில் வாங்கிய இறைச்சி ரோல்ஸைச் சூடாக்கினார். ஆறாம் சுற்றில், பந்தைப் பின்னால் எறியும் அதே வேலைக்கு வேறு ஒரு பெடியனை எடுத்தார்கள். என்னோடு கதைத்தவருடைய கழகம்தான். மகன், "ஹீ'ஸ் குட், அவன் நல்ல பெடியன்" என்றான். எட்டாம் சுற்றும் இவன் பெயர் வராமலே முடிந்தது. அறிவிப்பாளர்கள் எழுந்து கைகுலுக்கினார்கள். இவன் மடிக்கணினியை மூடினான்.

கணவர் எழும்பி, குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குத் தேவை இருக்கவில்லை, பை பாதிதான் நிறைந்திருந்தது.

"அந்த ஒரு பந்து மேலால போனதுதான் அம்மா" என்றான் மகன். "நீங்கள் இல்லை."

"நான் சொல்லாட்டில் நீ கையைப் பாத்திருக்க மாட்டாய்."

அவன் இல்லை என்று சொல்லவில்லை. அவன் பொய் சொல்லாத பிள்ளை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. தமிழில் தேடினேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக ஒன்றும் கிடைக்கவில்லை, பழக்கமே இல்லையே. கடைசியில் தொலைக்காட்சியில் கேட்ட ஆங்கிலத்தில், "யூ ஹாவ் குட் ஹாண்ட்ஸ்" என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தினான். "அம்மா, அது பந்து பிடிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறது."

"அப்ப உனக்கு என்ன சொல்லுறது?"

ரோல்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அக்யூரேட்" என்றான். "எனக்கு அக்யூரேட் எண்டு சொல்ல வேணும்."

"நீ அக்யூரேட்" என்றேன்.

"ஓகே" என்றான். சிரிக்கவில்லை. அவன் எறிந்ததைப் பார்த்துத்தான் நான் சொல்கிறேனா, அல்லது இதையும் சும்மா சொல்கிறேனா என்று அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.